ஆயா குடிக்காத ஆயா வைத்தியம்

நம் பாட்டிமார்கள் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த தண்ணீரைத் தினமும் காலையில் குடித்ததால்தான் எண்பது வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார்கள் என்று என் கைப்பேசிக்கு வாரம் தவறாமல் ஒரு செய்தி வருகிறது. அனுப்புகிறவர்களில் ஒருவராவது அந்தக் காலத்துத் திண்டிவனத்துக்கு வந்து என் ஆயாவிடம் ஒரு கரண்டி தேன் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்பதுதான் முதல் கேள்வியாக வந்திருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, தாகமாக இருக்கிறது, தண்ணீரில் கலந்து குடிக்கத்தான் என்று சொல்லியிருந்தால், அதன்பிறகு வருவதைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

எங்கள் வீட்டில் தேன் மருந்து. பழைய டானிக் பாட்டிலில் முக்கால் அளவுக்கு இருக்கும். மர பீரோவின் மேல்தட்டில், நிலப் பத்திரத்துக்கும் அடகுச் சீட்டுக்கும் நடுவே அதன் இடம். சாவி ஆயாவின் இடுப்பில். சளி பிடித்தால் சுக்கும் திப்பிலியும் சித்தரத்தையும் இடித்த பொடியை உள்ளங்கையில் கொட்டி, அதன்மேல் தேனைச் சொட்டவிட்டு, மோதிர விரலால் குழைத்து நாக்கில் தடவுவாள். மருந்தை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும்தான் தேன். வைத்தியர்கள் அதை அனுபானம் என்பார்கள். எங்களுக்கு வந்த இருமலில் பாதி அந்த அனுபானத்துக்காகவே வந்தது.

பிறந்த குழந்தைக்கு முதலில் சேனை வைப்பதும் தேனில்தான். வீட்டில் நல்ல குணமுள்ளவர் யாரோ அவர் கையால் தொட்டு வைத்தால் குழந்தைக்கும் அந்தக் குணம் வரும் என்று நம்பிக்கை. எனக்கு வைத்தது ஆயா. இன்று ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனைக் காட்டவே கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடக்கூடும் என்பது காரணம். நியாயம்தான். என் பேரன் பிறந்தபோது தேன் பாட்டிலை அந்த அறைக்குள்ளேயே விடவில்லை. அவன் குணம் யாருடையது என்று இன்றுவரை குடும்பத்தில் தீர்மானம் ஆகவில்லை.

தேன் எங்கிருந்து வந்தது? செஞ்சிப் பக்கத்திலிருந்து இருளர் குடும்பங்கள் கொண்டுவரும். முள்ளுக் கிளையில் ஒற்றை அடையாகக் கட்டியிருக்கும் கொம்புத்தேன். கிளையோடு ஒடித்து, அலுமினியக் குண்டானில் வைத்து, மேலே ஆவாரந்தழை மூடித் தெருவில் வருவார்கள். காசு பாதி, அரிசி பாதி, ஒரு பழைய புடவை என்று விலை படியும். அதற்கு முன்பு பரீட்சை உண்டு. ஆயா ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவாள். கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும். திரியில் நனைத்துக் கொளுத்துவாள், எரிய வேண்டும். தாளில் விட்டால் ஊறக் கூடாது, எறும்பு மொய்க்கக் கூடாது, நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட வேண்டும். தேன்கூட்டைக் கண்ணெதிரே பிழிந்து கொடுக்கிற மனிதர் இத்தனை பரீட்சையும் முடியும்வரை வெயிலில் நின்றுகொண்டிருப்பார்.

இந்தப் பரீட்சைகளில் ஒன்றுக்குக்கூட மதிப்பில்லை என்பதைப் பின்னால்தான் படித்தேன். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் போய்த்தான் உட்காரும். எறும்புக்குத் தேனும் வேண்டும், பாகும் வேண்டும். தரமான தேனிலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் இருக்கலாம் என்பது சட்டம். திரி எரிவதும் எரியாததும் அன்றைய ஈரப்பதத்தின் விருப்பம். நாயைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

பிறகு வந்தது பெரிய பரீட்சை. 2020 டிசம்பரில், டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடையில் விற்கும் 13 பிராண்டு தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பி, என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனைக்கு உட்படுத்தியது. 10 தேறவில்லை என்று அறிவித்தது. நம் நாட்டுச் சோதனைகளைப் பெரும்பாலும் தாண்டிவிடும்படியே பாகு தயாராகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. பெரிய நிறுவனங்கள் மறுத்தன. ஆயாவோ, அலுமினியக் குண்டானோடு நின்ற மனிதரைத்தான் சந்தேகப்பட்டாள். பளபளவென்று லேபிள் ஒட்டி வந்திருந்தால் நாயைக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

இந்த இரண்டு பரீட்சைகளுக்கும் இடையில் தேனுக்கு ஒரு வறட்சியும் வந்தது. 1991, 92-ல் தாய்லாந்து பெயர் கொண்ட ஒரு வைரஸ் தென்னிந்தியா முழுக்க வளர்ப்புத் தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் பெட்டி பெட்டியாகக் காலியானது. அப்போது விழுப்புரம் கதர்க்கடையில் தேன் கேட்டால், "வந்தா சொல்றேன் சார்" என்பார்கள். பெட்டிகள் மெல்ல மறுபடி நிறைந்து, 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கு இருந்த தேன் மலை கல்வராயன். அதையும் 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கொண்டுபோய்விட்டது. விழுப்புரத்துக்கு மிஞ்சியது செஞ்சிப் பாறைகளும் மரக்காணம் உப்பளமும். உப்பு எலுமிச்சைக்கு ஆகும் என்று தேற்றிக்கொள்ளலாம்.

சரி, தாகத்துக்கு என்னதான் குடித்தோம்? பானகம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி மண்ணை நீக்கி, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டது. எலுமிச்சை விலை ஏறினால் புளி. திண்டிவனத்தில் புளிக்குப் பஞ்சம் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் பந்தல் போட்டு அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள். மலைமேல் முருகனுக்குத் தேனும் தினைமாவும். கீழே நமக்கு வெல்லத் தண்ணீர். இந்தப் பங்கீட்டில் யாரும் குறை கண்டதில்லை.

விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தாகத்துக்குப் பேர் கோலி சோடா ஆயிற்று. மீட்டர் கேஜ் நாட்களில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரைக்கும்தான் மின்சார எஞ்சின். அங்கே அதைக் கழற்றிவிட்டு, தெற்கே போவதற்கு வேறு எஞ்சின் மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில் மொத்த ரயிலும் இறங்கி எதையாவது குடிக்கும். ஸ்டேஷன் வாசல் சோடாக் கடைக்காரர் கட்டைவிரலால் கோலியை அமுக்கினால் வருகிற சத்தத்துக்குக் கைக்குழந்தைகள் விழித்துக்கொள்ளும். "உப்பா, சக்கரையா?" என்று ஒரே கேள்வி. எலுமிச்சையைக் குறுக்கே வெட்டி, மரக்கட்டையில் வைத்து ஒரு அழுத்து. அதில் பழம் பிழிபட்டதைவிடப் பழத்தின் மானம் போனதுதான் அதிகம். அரை மூடியை நாலு டம்ளருக்குப் பிழிவார். ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் இந்தக் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியபோது, தன் கண்டுபிடிப்பு கட்சிக் கூட்டங்களில் என்ன வேலைக்கெல்லாம் பயன்படப் போகிறது என்று நினைத்திருக்க மாட்டார்.

எலுமிச்சையை அன்று குடித்தவர்கள் குறைவு, கொடுத்தவர்கள்தான் அதிகம். அமாவாசையானால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாலை மாலையாகப் போகும். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்று. இவை போக, அதிகாரி. 1993 செப்டம்பர் 30-ம் தேதி தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டத் தலைநகரானதும் ஊருக்கு அதிகாரிகள் பெருகினார்கள். ஆங்கிலப் புத்தாண்டு அன்று ஊழியர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு எலுமிச்சையை இரண்டு கையாலும் நீட்டுவோம். அதிகாரி தொட்டு மேஜையில் வைப்பார். மதியத்துக்குள் மேஜை மஞ்சளாகிவிடும். மாலையில் டவாலி அத்தனையையும் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் வெளியே டீக்கடையில் லெமன் டீ மலிவாகக் கிடைக்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் எழுத்தில் தர மாட்டேன், ஓய்வூதியம் வாங்குகிறவன்.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஓய்வுபெற்ற பிறகு விழுப்புரத்தில் மகனோடு இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு மருமகள் கண்ணாடிக் குவளையில் இளம் மஞ்சள் நிறத்தில் ஒன்று கொடுப்பாள். மேலே புதினா, உள்ளே ஸ்டீல் உறிஞ்சுகுழல்.

"என்னம்மா இது?"

"டீடாக்ஸ், மாமா. உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளிய போயிடும்."

"அந்த வேலையத்தான கல்லீரலும் கிட்னியும் பாக்குது?"

"அதுங்களுக்கும் ரெஸ்ட் வேணாமா மாமா?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதில்தான் எனக்குக் கோபம். சிறுவயதில் ஒரு சொட்டுக்காக இருமியவனுக்கு, தேனைத் தாராளமாகக் குடிக்கலாம் என்கிற காலம் வந்தபோது உடம்பில் சர்க்கரையும் வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால், "தேன் சக்கரை இல்ல மாமா, இயற்கை" என்றாள். முண்டியம்பாக்கத்தில் என்னைப் பார்க்கிற டாக்டருக்கு அந்த வேறுபாடு பிடிபடவில்லை. "தேன்ல நூத்துக்கு எண்பது பங்கு சக்கரைதாங்க. ஒரு டேபிள் ஸ்பூன் அறுபது கலோரிக்கு மேல வரும். எடை கொறையணும்னா தேன விட்டுட்டு எலுமிச்சத் தண்ணிய மட்டும் குடிங்க" என்றார்.

முண்டியம்பாக்கம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் வேலைக்கு வந்துபோன காலத்தில் அந்த ஸ்டேஷன் வருவதை மூக்குதான் முதலில் சொல்லும், சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் பாகு வாசனை பெட்டிக்குள் புகுந்து சீட்டாட்டத்தையே கலைக்கும். அதே முண்டியம்பாக்கத்தில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதை நடத்தியவர்கள் சென்னைக்காரர்களே. சர்க்கரை செய்கிற இடமும் சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கிற இடமும் ஒரே ஊரில் அமைந்ததைத் திட்டமிடல் என்பதா, தீர்க்கதரிசனம் என்பதா?

வெந்நீர் விவகாரமும் உண்டு. தேனைச் சூடாக்கக் கூடாது, சூடான தேன் ஆகாது என்பது ஆயுர்வேதத்தின் பழைய கட்டளை. அதே ஆயுர்வேதத்தின் பேரால்தான் கொதிக்கிற தண்ணீரில் தேனைக் கலக்கச் சொல்லிப் படம் போடுகிறார்கள். படத்தில் ஆசீர்வதிக்கும் பாட்டிக்கு முப்பது வயதுதான் இருக்கும். தலையில் மாவு தடவியிருக்கிறார்கள். நஞ்சாகிறதோ இல்லையோ, கொதிநீரில் தேனின் வாசனை போய்விடும், எலுமிச்சையின் வைட்டமின் சி-யும் குறையும். அப்புறம் அதைக் குடிப்பானேன்?

ஆகவே சமையலறையில் ஒரு மூலையை நான் எடுத்துக்கொண்டேன். டாக்டரோடு ஓர் உடன்படிக்கை: எனக்கு அரை டீஸ்பூன், வாரத்தில் சில நாள். மற்றவர்களுக்கு முழு அளவு. செய்முறையில் மட்டும் ஆயாவின் சட்டம். நல்ல பழம் தோல் மெலிந்து, கைக்குக் கனமாக இருக்கும். அதை வெட்டுவதற்கு முன் உள்ளங்கையால் தரையில் அழுத்தி உருட்ட வேண்டும்; உள்ளே சுளைகள் உடைந்து சாறு இளகும். வெட்டியபின் விரலால் பிழிந்தால் போதும். கட்டையில் வைத்து நசுக்கினால் விதையும் வெள்ளைத் தோலும் சேர்ந்து கசக்கும். பிழிந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் கசப்பு ஏறும், எலுமிச்சை காத்திருக்காது.

தேனை நேரே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அடியில் போய்ப் பிடிவாதமாக உட்கார்ந்துவிடும். கடைசி வாய் மட்டும் இனிக்கும். விரல் பொறுக்கிற சூட்டில் கால் டம்ளர் தண்ணீர் எடுத்து, இரண்டு டீஸ்பூன் தேனை அதில் கரைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் முக்கால் டம்ளர் பானைத் தண்ணீர், பிறகு அரைப் பழச் சாறு. இஞ்சியைத் தட்டிப் பிழிந்து சற்று வைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். தெளிவை மட்டும் ஒரு டீஸ்பூன் எடுக்கலாம். உப்பு அவசியம், ஒரு சிட்டிகை. கசப்பை மட்டுப்படுத்துவதும் இனிப்பைத் தூக்கிக் காட்டுவதும் அதுதான். தேன் குறைவாக ஊற்றுகிறவனுக்கு உப்பே துணை. பானையில் கடலூர் மணலில் விளைந்த வெட்டிவேர் ஒரு பிடி கிடந்தால் வேறு வாசனையே வேண்டாம். தேன் இல்லாத நாளில் நன்னாரி சர்பத். அது இந்தப் பக்கத்து அசல் சரக்கு, அதைப் பற்றி மட்டும் யாரும் எனக்குச் செய்தி அனுப்புவதில்லை.

பழத்தின் விலை கோடையில் மனிதனைச் சோதிக்கும். விழுப்புரம் வண்டிக்கடையில், "புளியங்குடிப் பழம் சார்" என்பார்கள். வேறொரு நாள் ஆந்திரத்துக் கூடூர்ப் பழம் என்பார்கள். எது வந்தாலும் சித்திரை பிறந்தால் விலை ஏறும். 2022 ஏப்ரலில் நாடு முழுக்க ஏறியபோது எங்கள் தெருவில் பழம் ஒன்று பத்து ரூபாய்க்கு மேல் போனது. அன்று பானகத்துக்குப் புளி கரைத்த ஆயாவின் யோசனையை மருமகளிடம் சொன்னேன். புளியில் டீடாக்ஸ் உண்டா என்று தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

பத்து ரூபாய்க்கே புலம்புகிற எங்கள் மாவட்டத்தில்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த எலுமிச்சையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில், பங்குனி உத்திரத் திருவிழாவில் நாளுக்கு ஒன்றாக வேலில் குத்திவைத்த ஒன்பது பழங்களைக் கடைசியில் ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பதும் சேர்ந்து 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குப் போயின. முதல் நாள் பழம் மட்டும் 50,500. ஏலம் எடுப்பவர்கள் குழந்தை வேண்டி வருகிற தம்பதிகள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு நாக்கு எழாது. மாதாமாதம் நானூறு ரூபாய்க்கு 'கொழுப்பைக் கரைக்கும் தேன்' வாங்குகிறவர்களைப் பற்றி அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

விக்கிரவாண்டிப் பக்கம் நாலுவழிச் சாலையில் ஒரு கடையில் இதே பானத்தை ஜாடியில் ஊற்றி நூற்றிருபது ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். பேர் 'கிராண்ட்மா'ஸ் ஹனி லைம்'. பேருந்துகள் திண்டிவனத்துக்குள் நுழைந்து நின்ற காலத்தில், ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் நீட்டிய கைகளுக்குப் புறவழிச்சாலை ஒரு மேம்பாலத்தைக் காட்டிவிட்டது. இப்போது அந்த வியாபாரமெல்லாம் பாலத்துக்கு அடியில், கண்டக்டர் தயவு வைத்தால் நடக்கிறது.

சென்ற ஆண்டு பேரனின் பள்ளியில் பாரம்பரிய உணவுத் திருவிழா. கம்பங்கூழுக்கும் கேழ்வரகுப் புட்டுக்கும் நடுவில் எங்கள் மேஜை. மருமகள் எங்கிருந்தோ கோலி பாட்டில்கள் வரவழைத்து, எலுமிச்சைத் தேன் நிரப்பி, 'கொள்ளுப்பாட்டி பானம்' என்று சீட்டு ஒட்டியிருந்தாள். வேட்டி கட்டி வரச்சொல்லி என்னை மேஜைக்குப் பக்கத்தில் சாட்சியாக நிறுத்தினார்கள். "உங்க வீட்ல அந்தக் காலத்துலயே குடிப்பீங்களா தாத்தா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். பேரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "தேன் எப்பவும் வீட்ல இருக்கும்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

முதல் பரிசு கிடைத்தது. வண்ணத்தாள் சுற்றிய ஒரு தேன் பாட்டில். லேபிளில் கலப்படமற்றது, சோதிக்கப்பட்டது, ஜெர்மன் தரம் என்று மூன்று முத்திரைகள். வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அது கரையாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

"ஒரிஜினல்தான் மாமா" என்றாள்.